நாவற்பழக் கறுப்பு அல்ல

"ஏம்மா, நேத்து புள்ள நாவப்பழம் எதுவும் தின்னானா?" என்று கேட்டார் மாமியார். மகன் போன மலத்தைப் பார்த்துத்தான் கேட்டார். ரோட்டில் ஊற்றும் தார்போலக் கறுத்து, பிசுபிசுவென்று, தாங்க முடியாத வாடையோடு இருந்தது. அவன் நாவற்பழம் தின்று பத்து நாளாகியிருந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் கவாசாகி நோயிலிருந்து அவனை மீட்டிருந்தோம். நான்கு வயது, 15 கிலோ. ஆறு நாள் இறங்காத காய்ச்சல், பீளை இல்லாமலே சிவந்த கண்கள், வெடித்த உதடு. ரத்தக்குழாய்கள் அழன்று வீங்கும் நோய் இது. ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1961-இல் கவனித்து, 1967-இல் 50 குழந்தைகளின் விவரங்களோடு எழுதினார். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இதய ரத்தக்குழாய் பாதிக்கப்படும். கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் 30 கிராம் இம்யூனோகுளோபுலின் அவனுக்கு இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏறியது. காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு வரும்போது தினம் ஒரு சிறிய ஆஸ்பிரின் மாத்திரை எழுதித் தந்தார்கள்.

இந்நோயில் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் ரத்தத்தட்டுகள் ஏகமாகப் பெருகும். அவை ஒட்டிக்கொண்டு குழாயை அடைக்காமல் இருக்கத்தான் ஆஸ்பிரின். ஆனால் இரைப்பையின் உள்சுவரைத் தன் அமிலத்திடமிருந்தே காக்கும் சளிப்படலத்தையும் அது மெலியச் செய்யும். அங்கே புண் வந்தால், ஒட்டும் திறன் இழந்த தட்டுகளால் ரத்தக்கசிவு சட்டென நிற்காது. கசிந்த ரத்தம் குடலில் செரிக்கப்பட்டுக் கறுப்பாக வெளியேறும். ஆஸ்பிரினைச் சிறு அளவில் கொடுக்கும்போது இது அபூர்வம்.

"ஆஸ்பிரினோட வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களாம்மா?" என்றார் மருத்துவர். கொடுத்திருந்தேன். சளிக்காய்ச்சல் என்று, வீட்டில் மிச்சமிருந்த ஐபுப்ரோஃபென் சிரப்பை இரண்டு நாள் நானாகக் கொடுத்திருந்தேன். அதுவும் இரைப்பையை அரிக்கும் இனம்தான். போதாததற்கு, ஆஸ்பிரின் தட்டுகளில் செய்யும் வேலையையும் அது கெடுக்கும். மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது என் கை நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை.

அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஏறியது. இதய மருத்துவரைக் கலந்து, எக்கோ எடுத்துப் பார்த்த பிறகே ஆஸ்பிரினை நிறுத்தினார்கள். நான்காம் நாள் மலம் பழைய நிறத்துக்குத் திரும்பியது.

ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேறு வலிமருந்தையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். இரும்புச்சத்து டானிக்காலும் மலம் கறுக்கும்தான். ஆனால் அதுதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவுகட்டாமல், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.