மெயிலில் படம் தெரியவில்லையா?



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாதங்களில் நமது அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி போனை நீட்டிச் சொல்வது இதுதான்: "மெயில் வந்திருக்கு, ஆனா உள்ளே வெறும் கட்டம்தான் தெரியுது." வளைகுடா வேலைக்கு முயன்று கொண்டிருக்கும் பிள்ளைகளும், குற்றாலத்தில் சீசனுக்கு ரூம் விடுகிற சகோதரர்களும் இதையே கேட்கிறார்கள். போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு போய்ப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. பெரும்பாலும் போனில் எந்தக் கோளாறும் இருக்காது. படத்தை மறைத்து வைப்பது மெயில் பார்க்கும் செயலிதான், அதுவும் காரணத்தோடுதான்.

நிக்காஹ் அழைப்பிதழ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறைக்குள்ளேயே மண்டபத்தின் படத்தை வைத்து அனுப்பலாம். அல்லது, "படம் ஸ்டுடியோவில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு முகவரியை மட்டும் எழுதி அனுப்பலாம். மெயிலும் இப்படித்தான். சில படங்கள் மெயிலோடு சேர்ந்தே வரும். கம்பெனிகள் அனுப்பும் மெயில்களில் பெரும்பாலும் படம் வராது, படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே வரும். நீங்கள் மெயிலைத் திறந்ததும் போன் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை எடுத்து வருகிறது.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உங்கள் போன் படம் கேட்டு வந்ததை ஸ்டுடியோக்காரர் குறித்து வைத்துக்கொள்ள முடியும். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், மெயிலைத் திறக்கிறார், இன்ன நேரத்தில் திறந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்கே தெரியாத, ஒரு புள்ளி அளவுப் படத்தை இதற்காகவே சிலர் மெயிலில் ஒளித்து வைக்கிறார்கள். ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொண்ட மோசடிக்காரர் மேலும் மேலும் மெயில் அனுப்புவார். இதைத் தடுக்கத்தான் அவுட்லுக் 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே வெளிப் படங்களைத் தானாகக் காட்டாமல் நிறுத்தியது. ஜிமெயில் 2013 டிசம்பர் முதல் படங்களைத் தன் சொந்தக் கணினி வழியாக எடுத்து வந்து காட்டுகிறது. அதனால் நாம் இருக்கும் இடம் அனுப்பியவருக்குத் தெரியாது. ஆனாலும் மெயில் திறக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியக்கூடும்.

ஆகவே கட்டத்தைக் கண்டதும் பட்டனைத் தட்டாதீர்கள். முதலில் அனுப்பியவரின் முகவரியைப் பாருங்கள். பெயரை மட்டும் பார்த்தால் போதாது, பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். அனுப்பியவரின் விவரத்தைத் திறந்தால் முழு முகவரியும் தெரியும். நீங்கள் எதிர்பார்த்த மெயில், முகவரியும் சரி என்றால், ஜிமெயிலில் 'ஷோ பிக்சர்ஸ்' என்பதைத் தொடுங்கள். அந்த ஒரு மெயிலுக்குப் படம் வந்துவிடும். எல்லா மெயிலுக்கும் வேண்டுமென்றால் மேலே உள்ள மூன்று கோட்டைத் தொட்டு, செட்டிங்ஸில் உங்கள் கணக்கிற்குள் போய், 'இமேஜஸ்' என்ற இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே போனைப் பார்க்கிறார்கள் என்றால், 'ஒவ்வொரு முறையும் கேள்' என்றே அதை விட்டு வைப்பது நல்லது என்பது எங்கள் எண்ணம். கணினியில் அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு மெயிலின் மேற்பகுதியில் படத்தை இறக்கச் சொல்லும் வரி ஒன்று இருக்கும், அதைத் தட்டினால் போதும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். எப்போதும் படம் காட்டு என்று நீங்கள் வைத்திருந்தும், ஒரு குறிப்பிட்ட மெயிலில் மட்டும் படத்தை மறைத்து, இது சந்தேகத்துக்குரியது என்று ஜிமெயில் எழுதினால், அது எச்சரிக்கை. ஸ்பாம் பெட்டிக்குள் கிடக்கும் மெயிலிலும் படம் தெரியாது. அங்கே படத்தை வரவழைக்கப் பாடுபட வேண்டாம்.

நல்ல மெயில், அனுமதியும் கொடுத்தாயிற்று, இன்னும் படம் வரவில்லை என்றால் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். சீசன் கூட்டத்தில் குற்றாலத்தில் நெட் இழுத்துக்கொண்டே இருக்கும். வேறு இடத்தில் வைத்துத் திறந்து பாருங்கள். பழைய மெயில் என்றால், அனுப்பியவர் அந்தப் படத்தைத் தன் கணினியிலிருந்தே எடுத்திருக்கலாம், அப்போது நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மிக நீளமான மெயிலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும், கீழே முழுதும் பார்க்க ஒரு இணைப்பு இருக்கும்.

நாம் அனுப்புகிற படம் மற்றவருக்குத் தெரியாமல் போவதும் நடக்கிறது. உதவித்தொகை மனுவோடு வரும் மதிப்பெண் சான்றிதழ்கள் சில எங்களுக்கே திறக்காமல் வந்திருக்கின்றன. கணினியில் இருக்கும் படத்தை நகலெடுத்து மெயிலுக்குள் ஒட்டினால், சில சமயம் உங்கள் கணினியின் முகவரி மட்டும்தான் போகிறது. உங்களுக்குப் படம் தெரியும், எங்களுக்குக் கட்டம்தான் தெரியும். ஒட்டாதீர்கள், பேப்பர் கிளிப் அடையாளத்தைத் தொட்டு அட்டாச்மென்ட்டாக அனுப்புங்கள். ஐபோன்களில் 2017க்குப் பிறகு கேமரா படங்கள் ஹெச்.இ.ஐ.சி. என்ற வகையில் சேமிக்கப்படுகின்றன. பழைய கணினிகளில் அது திறக்காது. கேமரா செட்டிங்ஸில் 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றினால் ஜேபெக் ஆகிவிடும். பிடிஎஃப் ஆக அனுப்பினால் இன்னும் நல்லது. ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு மொத்தம் 25 எம்பி வரைதான் இணைக்கலாம்.

வேலை தேடும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எழுத்தே இல்லாமல் முழுதும் ஒரே படமாக இருக்கும் வேலை மெயிலைச் சந்தேகியுங்கள். எழுத்தாக இருந்தால் மோசடி வார்த்தைகளை மெயில் செயலி படித்துப் பிடித்துவிடும் என்பதற்காகவே படமாக்கி அனுப்புகிறார்கள். முழுப் படமும் ஒரே லிங்க்காக இருக்கும், எங்கே தொட்டாலும் அவர்கள் பக்கத்துக்குப் போய்விடும். கம்பெனி முத்திரையும் கையெழுத்தும் அழகாக இருப்பது ஒரு ஆதாரமே இல்லை, அதை யாரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே பாஸ்போர்ட் நகலைக் கொடுங்கள். படத்தில் கியூஆர் கோடு வைத்து, "ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் வரும்" என்றால் அது பொய். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

மெயிலைப் பார்த்துச் சொல்ல உதவி வேண்டுவோர் அஸர் தொழுகைக்குப் பிறகு நமது அலுவலகத்துக்குப் போனோடு வரலாம். பெண்கள் தங்கள் வீட்டாரோடு வரலாம். இன்ஷா அல்லாஹ், உங்கள் கண் முன்னாலேயே பார்த்துத் தருவோம். பாஸ்வேர்டும் ஓடிபியும் எங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம், நீங்களே போடுங்கள்.