மதுரை வட்டார மரவேலையில் பாலிஷ், வார்னிஷ் சார்ந்த சொற்கள்: பெயரும் வினையும்

முன்னுரை

தச்சுத்தொழிற் சொற்களைத் தொகுப்போர் கண்ணில் முதலிற் படுவன உளி, இழைப்புளி, வாய்ச்சி முதலிய கருவிப்பெயர்கள். தமிழ்ச் சொற்களாக இருப்பதால் அவை ஆய்வாளருக்கு உவப்பளிக்கின்றன. மரத்தை இழைத்துப் பொருத்தி முடித்தபின் அதன் பரப்பின்மேல் நிகழும் வேலைக்குரிய சொற்களுக்கு அப்பேறு வாய்ப்பதில்லை. மதுரை நகரத்து மரப்பட்டறைகளிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய சுற்றுவட்டார ஊர்களிலும் அவ்வேலைக்குப் ‘பினிஷிங்’ என்றே பெயர். பிரைமர், சீலர், தின்னர், வார்னிஷ், பாலிஷ், லேக்கர் என அதன் பெயர்ச்சொற்களுள் பெரும்பாலானவை ஆங்கிலக் கடன்சொற்கள். அவற்றைத் தொகுப்பதில் பயனில்லை என்று ஒதுக்குவது எளிது. ஆயின் அப்பெயர்கள் எவ்வினைகளோடு சேர்ந்து வழங்குகின்றன என்று நோக்குமிடத்து, தொழிலறிவு தமிழ் வினைகளிலேயே தங்கியிருப்பது புலனாகிறது. இக்கட்டுரை அவ்விணைவை விளக்க முற்படுகிறது.

அடித்தல், போடுதல், பார்த்தல்

வார்னிஷ் ‘அடிக்கப்படுகிறது’, பாலிஷ் ‘போடப்படுகிறது’, பட்டி ‘பார்க்கப்படுகிறது’. இம்மூன்றும் இடம் மாற்றி வழங்கத்தக்க துணைவினைகள் அல்ல. அடித்தல் என்பது வெள்ளையடித்தல், சுண்ணாம்படித்தல் ஆகிய பழைய வழக்குகளின் தொடர்ச்சி. மட்டையாலோ தூரிகையாலோ வீச்சாக இழுத்துப் பரப்பும் கையசைவை அது குறித்தது. பெயிண்டும் வார்னிஷும் வந்தபோது அதே அசைவுக்கு அதே வினை பொருந்திற்று. காற்றழுத்தக் குழலால் தெளிக்கும் முறை வந்தபின் ‘ஸ்பிரே அடித்தல்’ என்றாயிற்று. தூரிகை போனாலும் வினை போகவில்லை.

பட்டி என்பது ஆங்கிலக் கடன்சொல். மரத்தின் துளை, வெடிப்பு, ஆணிக்குழி ஆகியவற்றை அடைத்துப் பரப்பைச் சமன்செய்யும் பசை அது. தமிழில் ஊரையும் தொழுவத்தையும் குறிக்கும் பட்டியோடு இதற்கு உறவில்லை. கருதத்தக்கது இதனோடு சேரும் ‘பார்த்தல்’ என்னும் வினையே. வைத்தியம் பார்த்தல், பிரசவம் பார்த்தல் என்பவற்றிலும் இவ்வினை உண்டு. ஒன்றன் குறையை அல்லது நிலையைக் கண்டறிந்து அதற்கு வேண்டுவதைச் செய்தல் என்பது அங்கெல்லாம் பொருள். பட்டிவேலையும் அத்தகையதே. ஒளி சாய்வாக விழும்படி பலகையைத் திருப்பிப் பள்ளங்களைக் கண்ணாலும் விரல்நுனியாலும் தேடி, கண்ட இடத்தில் மட்டும் அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் தேடவேண்டும். ‘பட்டி பூசுதல்’ என்று நூல்நடைக்கு மாற்றினால் இத்தேடல் முழுவதும் மறைந்துபோகிறது. மோட்டார் வாகனப் பட்டறைகளிலும் இத்தொடர் வழங்குகிறது. ‘பட்டி டிங்கரிங் பார்த்தல்’ என்பது பழையதைச் சீர்செய்து புதிதுபோல் ஆக்குவதற்குரிய அங்கதத் தொடராகப் பொதுப்பேச்சில் நிலைத்தும்விட்டது.

பூசுதல் என்னும் வினைக்கு வேறொரு தடையும் உண்டு. கட்டடத் தொழிலில் ‘பூச்சு வேலை’ என்றால் சுவருக்குச் சிமெண்டுக் கலவை பூசுவதையே கொத்தனாரும் சித்தாளும் கொள்வர். மரத்தின் மேற்படலம் அனைத்துக்கும் ‘பூச்சு’ என்று கலைச்சொல் ஆக்குவோர் ஒரே கட்டடத்தில் அருகருகே வேலை செய்யும் இருவரிடையே குழப்பத்தை விளைவிக்கின்றனர்.

மெருகும் பாலிஷும்

பாலிஷ் என்பதற்கு நேர்ச்சொல்லாக மெருகு காட்டப்படுவதுண்டு. சொற்பொருளளவில் அது சரியே: மெருகு தேய்ப்பினாற் பிறக்கும் பளபளப்பு, ஆங்கிலச் சொல்லின் முதற்பொருளும் தேய்த்துப் பளபளப்பாக்குதல். பொற்கொல்லர் மெருகிடும்போது பொருளின்மேல் எதையும் சேர்ப்பதில்லை. பட்டறையிலோ பாலிஷ் என்பது செயலன்று, பொருள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியிற் பொதிந்து தோய்த்து, மெல்லிய படலங்களாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷே இப்பெயருக்கு முதலில் உரியது. தேய்த்தலும் படலம் சேர்த்தலும் அம்முறையில் ஒரே அசைவில் நிகழ்வதால் செயலின் பெயர் கரைசலுக்கு ஆகிவந்தது, தொழிலாகுபெயர் எனலாம். இன்று மெலமைன், பாலியூரித்தேன் ஆகியவற்றைத் தெளிக்கும் வேலையையும் பாலிஷ் என்றே வாடிக்கையாளர் கூறுகின்றனர். அங்கே தேய்ப்பு முன்வேலையாக மட்டுமே எஞ்சுகிறது. வார்னிஷைக் குறிக்க அகராதிகளில் உள்ள ‘மெருகெண்ணெய்’ அழகிய சொல்லே. எண்ணெயோடு பிசின் சேர்ந்த பழைய வார்னிஷுக்கு அது பொருந்தும், எண்ணெய் இல்லாத புதியவற்றுக்குப் பொருந்தாது.

அரக்கின் மீள்வரவு

இத்துறையில் பழந்தமிழோடு நேரடித் தொடர்புடைய பொருட்பெயர் அரக்கு. பாண்டவர் தப்பிய அரக்கு மனைச் செய்தி கலித்தொகையின் பாலைக்கலியில் உவமையாக வருகிறது. மரக்கிளையில் அரக்குப்பூச்சி சுரந்த நிலையில் கிளையோடு கிடைப்பது கொம்பரக்கு. உருக்கித் தூய்மையாக்கித் தட்டையான செதில்களாக ஆக்கியது அவலரக்கு. ஆங்கிலம் ஓட்டை உவமித்து ‘ஷெல்லாக்’ என்றதைத் தமிழ் அவலை உவமித்துப் பெயரிட்டிருக்கிறது. கொம்பரக்கு இன்று தச்சரிடம் இல்லை. நாட்டுமருந்துக் கடையில் இருக்கிறது.

‘லேக்கர்’ என்னும் சொல் வடமொழி ‘லாட்சா’வை மூலமாகக் கொண்டு அரபு, போர்த்துக்கீசியம் முதலிய மொழிகளின் வழியே ஆங்கிலம் புகுந்தது. இந்தியாவிலிருந்து அரக்கின் பெயராகச் சென்ற அது, அரக்குச் சிறிதும் இல்லாத பொருளின் பெயராகத் திரும்பியுள்ளது. பட்டறையில் ‘என்சி’ எனச் சுருக்கி வழங்கும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், 1920களில் மோட்டார் வாகனங்களுக்கு அடிப்பதற்காகப் பரவியது. ஆகவே லேக்கருக்கு ‘அரக்கு’ என்று சொற்பிறப்பு நோக்கிப் பெயரிடுவது பொருளளவில் பிழையாகும்.

காய்தலும் இறுகுதலும்

எந்தப் படலமும் ‘காய்கிறது’ என்பதே பொதுவழக்கு. இங்கு மட்டும் பட்டறைத் தமிழ் போதிய வேறுபாடு காட்டவில்லை. அரக்குப் பாலிஷும் என்சி லேக்கரும் கரைப்பான் ஆவியாவதால் காய்கின்றன. காய்ந்தபின்னும் முன்னதை ஸ்பிரிட்டும் பின்னதைத் தின்னரும் மீண்டும் கரைக்கும். பழைய நாற்காலியின் மறைவான மூலையில் ஸ்பிரிட் தோய்ந்த துணியால் தேய்த்து, படலம் கரைந்தால் அது அரக்குப் பாலிஷ் என்று அறியும் சோதனை இதன் அடிப்படையிலானது. ஆளிவிதை எண்ணெயும் அதனாற் செய்த வார்னிஷும் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகின்றன. இறுகியது பழைய கரைப்பானில் கரைவதில்லை.

இது சொல்லளவில் நிற்கும் நுட்பமன்று. ஆக்சிஜனோடு வினைபுரியும்போது வெப்பம் பிறக்கிறது. அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றித் தாமே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்தினால் அக்கேடு இல்லை. தொழிற்பயிற்சி நிலைய மாணவருக்குத் தமிழில் பாடம் எழுதுவோர் இரண்டையும் ‘காய்தல்’ என்றே எழுதினால், ஈரத்துணி காய்ந்தால் ஆபத்து நீங்கும் என்று மாணவர் கொள்வதில் வியப்பில்லை. ஆவியாதலுக்குக் காய்தலும் வேதிவினைக்கு இறுகுதலும் என வரையறுத்தல் தகும்.

சாயமும் காப்பும்

மரத்தின் ரேகை மறையாமல் நிறம் ஊட்டும் ‘ஸ்டெயின்’ என்பதை அகராதிப்படி கறை என மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகும், கறை நீக்கத்தக்கது. சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற மதுரையில் ‘சாயம்’ என்னும் சொல் எவர்க்கும் தெரியும். நூலில் ஊறும் சாயம்போல் மரத்துள் ஊறுவது என்று கூறினால் மேலே படியும் வண்ணத்தினின்றும் அது தானே வேறுபடும். மரத்தின் வைரப்பகுதியைவிட வெளிப்பகுதி மிகுதியாக உறிஞ்சுவதால் ஒரே பலகையில் நிறம் திட்டுத்திட்டாக விழுவதையும் ‘ஊறுதல்’ என்னும் வினை எளிதில் விளக்குகிறது.

அழகினும் பாதுகாப்பே நோக்கமாக உள்ள படலத்துக்குக் ‘காப்பு’ என்னும் சொல் தமிழில் ஆயத்தமாக உள்ளது. அழகர்கோயிலில் ஐப்பசியில் நிகழும் தைலக்காப்பு இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிந்தது. அச்சொல்லின் சமயச்சார்பு பட்டறை வழக்குக்குத் தடையாகுமா என்பது பயன்படுத்துவோர் தீர்மானிக்கவேண்டியது.

வணிகப்பெயர் பொதுப்பெயரானவற்றையும் தொகுப்பிலிருந்து நீக்கலாகாது. ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயரான ‘டச்வுட்’, கதவுக்கு அடிக்கும் பளபளப்பான தெளிந்த படலம் எதற்கும் வழங்கக் கேட்கலாம். அதற்குரிய வினையும் அடித்தலே, போடுதலன்று.