கோய் மீன் தீவனம்: விலையை மட்டும் பார்த்து வாங்கலாமா?



சங்கக் கடனில் சிமெண்ட் தொட்டி கட்டி, கோய் கெண்டை வளர்க்கும் குழுக்கள் நம்மிடையே இருக்கின்றன. மீன் எடுக்க வரும் வியாபாரி, சென்னை கொளத்தூரில் இருந்து வந்தாலும் பக்கத்து டவுனில் இருந்து வந்தாலும், முதலில் பார்ப்பது நிறமும் அளவும்தான். நல்ல குஞ்சு வாங்கினால் மட்டும் இது இரண்டும் வந்துவிடாது. தீவனமும் சரியாக இருக்கணும். அந்த விலையில்தானே நாம் தவணை கட்டணும்!

புண்ணாக்கும் தவிடும் போதுமா?

கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு புரதம், தவிட்டில் சுமார் 12 பங்கு. சரிபாதி கலந்தால் 26தான் வரும். வளரும் கோய் மீனுக்கு 35 பங்காவது வேணும். குறைகிற புரதத்தை மீன் தூள் ஈடுகட்டும். அதோடு, புண்ணாக்கு உருண்டை கரைந்து அடியில் தங்கி தண்ணீரைக் கெடுக்கும். மிதக்கும் குருணைத் தீவனம் என்றால் மிச்சத்தைக் கண்ணால் பார்த்து அள்ளிவிடலாம்.

கடையில் என்ன பார்க்கணும்?

1. பையில் புரத அளவு, தயாரித்த தேதி, காலாவதி தேதி இருக்கா? எழுத்து தெரிந்த உறுப்பினரைக் கூட்டிட்டுப் போங்க. திறந்த மூட்டையில் சில்லறையாக விற்பதை வாங்க வேண்டாம்.

2. சேர்மானப் பட்டியலில் மீன் தூள் முன்னாடி இருந்தால் நல்லது. மாவுப் பொருள் முன்னாடி இருந்தால் யோசிங்க.

3. மோந்து பாருங்க. கருவாட்டு வாசனை வரலாம். காறல் வாடை வந்தால் எண்ணெய் கெட்டிருக்கு. பூசணம் தெரிந்தால் வேண்டவே வேண்டாம். அதில் உண்டாகும் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும்.

4. ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து குருணை போட்டு கால் மணி நேரம் வையுங்க. உடையாமல், தண்ணீர் கலங்காமல் இருக்கணும்.

5. குருணை மீனின் வாயை விடச் சிறிதாக இருக்கணும்.

நிறம் எப்படி வருது?

சிவப்பு, ஆரஞ்சு நிறச்சத்தை மீனால் தன் உடம்பில் தயாரிக்க முடியாது. தீனியில் இருந்துதான் கிடைக்கணும். ஸ்பைருலினா பாசி, இறால் தலைத் தூள், செண்டுமல்லி இதழ் தூள் இவற்றில் அது இருக்கு. விற்பதற்குச் சில வாரம் முன்பிருந்தே கொடுக்கணும். அளவு மீறினால் வெள்ளை நிறம் மங்கிப் போகும்.

எவ்வளவு போடணும்?

கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் கொட்டினால் செரிக்காது. 20 கிராம் மீன் 100 இருந்தால் மொத்தம் 2 கிலோ. நூற்றுக்கு 3 வீதம் ஒரு நாளைக்கு 60 கிராம். மூன்று வேளையாகப் பிரித்து, 5 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போடுங்க.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதா? பசி என்று நினைத்துத் தீனி போட்டுடாதீங்க. தண்ணீரில் காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கொஞ்சம் தண்ணீரை மாற்றி, காற்று மோட்டார் போடுங்க.

பெரிய மூட்டை கிலோவுக்கு மலிவுதான். ஆனா பிரித்து வைத்தால் வைட்டமின் சி சத்து குறைந்துகொண்டே போகும். ஒரு மாதத்துக்கு மேல் மிஞ்சாத அளவு வாங்கி, மூடி போட்ட டப்பாவில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்க. பெரிய மூட்டைதான் லாபம் என்றால் நாலு குழு சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக் கொள்ளலாமே! அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு, தீவனச் செலவை மீன் விற்ற விலையோடு சேர்த்து நோட்டில் எழுதுங்க. எந்தத் தீவனம் மலிவு என்று உங்க கணக்கே சொல்லிடும்.