கல்லிடுக்கில் வாழும் பதினான்கு கால் நண்பன்

இளம் அறிவியல் (விலங்கியல்), இரண்டாம் ஆண்டு

கிளி வளர்ப்பவர் உண்டு. வண்ணமீன் வளர்ப்பவர் உண்டு. கரப்பான்பூச்சியைப் போலத் தோன்றும் ஒன்றை விரும்பி வளர்ப்பவர் உண்டா என்று கேட்டால், நம் கல்லூரியில் ஒருவன் உண்டு. அவன் நான்தான். சிரிக்க விரும்பும் நண்பர்கள் இப்போதே சிரித்துவிடலாம். பிறகு சற்றுப் பொறுமையோடு இக்கட்டுரையைப் படிக்க வேண்டுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர் ஒன்று என் ஊர். கடல் அரிப்பைத் தடுக்க அங்கே பெரிய பாறைகளைக் கடலுக்குள் நீளமாக அடுக்கித் தூண்டில் வளைவு அமைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைகளில் அலை தெறிக்கும் உயரத்திற்குச் சற்று மேலே சாம்பல் நிறத்தில் சில உயிர்கள் கூட்டமாகத் திரியும். நம் நிழல் பட்டாலே மின்னலென இடுக்கில் மறையும். எங்கள் தெருவில் அவற்றைப் பெயரிட்டு அழைக்கும் அளவுக்கு யாரும் மதித்ததில்லை. வெறும் ‘பூச்சி’ என்போம்.

பூச்சி அல்ல, நண்டின் உறவு

முதலாண்டுச் செய்முறை வகுப்பில் இறாலின் கால்களை எண்ணியபோதுதான் அந்தப் ‘பூச்சி’யின் நினைவு வந்தது. ஒன்றைப் பிடித்து எண்ணினேன். பூச்சிக்கு ஆறு கால். இதற்கோ ஏழு இணை, அதாவது பதினான்கு கால்! ஆசிரியரிடம் காட்டினேன். அது லிஜியா என்றும், நண்டும் இறாலும் அடங்கிய கிரஸ்டேஷியா பிரிவில் ஐசோப்போடா வரிசையைச் சேர்ந்தது என்றும் கூறினார். ஐசோப்போடா என்றால் ஒத்த கால்களை உடையது என்று பொருள். இவ்வினத்தில் பரவலாக அறியப்பட்ட லிஜியா எக்சாட்டிகாவுக்கு ரூ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1828-ல் பெயரிட்டார். கப்பல்களில் ஒட்டிக்கொண்டு வெப்பநாட்டுத் துறைமுகங்கள் பலவற்றுக்கும் பரவிய உயிர் அது.

இருமுறை தோற்ற கதை

இதை வீட்டில் வளர்த்துப் பார்க்கும் ஆசை எழுந்தது. கடற்கரை உயிர்தானே என்று ஒரு கண்ணாடிப் புட்டி நிறையக் கடல்நீர் ஊற்றிப் பன்னிரண்டை விட்டேன். விடிந்தபோது ஒன்றும் உயிரோடு இல்லை. நீர்தான் ஆகவில்லை போலும் என்று அடுத்த முறை உலர்ந்த மணலில் ஒன்பதை விட்டேன். அவையும் இரண்டு நாளில் மாண்டன. இருபத்தொரு உயிர்கள் என் அறியாமைக்குப் பலியாயின. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

காரணம் அவற்றின் வயிற்றுப்புறத்தில் இருந்தது. அங்கே தகடு போன்ற உறுப்புகள் செவுள்களாகப் பயன்படுகின்றன. அவை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், உலர்ந்தால் மூச்சில்லை. தேங்கிய நீரில் அடைத்தாலோ, அதிலுள்ள பிராணவாயு விரைவில் தீர்ந்துபோகும். கால்களின் நுண்ணிய மயிர்களுக்கிடையே நீர் தானாகவே ஏறிச் செவுள்களை நனைக்கும் விந்தையை ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதல்லவா? அதே தத்துவந்தான். முழுக்கடலும் ஆகாது, முழுக்கரையும் ஆகாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஈரமே அதன் வீடு.

வளர்க்கும் முறை

இதை உணர்ந்தபின் வளர்ப்பது எளிதாயிற்று. மூடியில் நிறையத் துளையிட்ட அகலமான பிளாஸ்டிக் பெட்டி போதும். வழுவழுப்பான சுவரில் அவை ஏற மாட்டா. ஒரு பக்கம் மணலைக் கடல்நீரால் நனைத்து வைக்க வேண்டும். மறுபக்கம் உலர்வாக இருக்கட்டும். தனக்கு வேண்டிய இடத்தை அதுவே தேர்ந்துகொள்ளும். ஒளிந்துகொள்ள உடைந்த ஓட்டுத் துண்டுகளை அடுக்கலாம். பெட்டியை வெயில் படாமல் வைக்க வேண்டும். நீர் வற்றும்போது மறுபடியும் கடல்நீரை ஊற்றக் கூடாது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்குக் கிணற்று நீரே ஊற்ற வேண்டும். பாறையில் படர்ந்த பச்சைப் பாசியும், எப்போதாவது சிறு மீன் துணுக்கும் உணவு. மீந்ததை மறுநாளே அகற்றாவிட்டால் அழுகி நாறும்.

பிடிக்கும்போது விரலால் கவ்வினால் கால் முறியும். மெல்லிய தூரிகையால் புட்டிக்குள் தள்ளுவதே நன்று. ஏழெட்டுக்கு மேல் எடுக்க வேண்டாம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா போன்ற காப்புப் பகுதிகளில் எதையுமே எடுக்கக் கூடாது.

மூன்றாம் முறை கொண்டுவந்த எட்டும் பிழைத்தன. ஒரு நாள் ஒன்றின் பின்பாதி மட்டும் வெளுத்துப் புதிதாகவும், முன்பாதி பழையதாகவும் இருக்கக் கண்டேன். நோயென்று அஞ்சினேன். பின்னர்தான் அறிந்தேன், இவை தோலை இரு தவணையாக உரிக்கும்: முதலில் பின்பாதி, சில நாள் கழித்து முன்பாதி. வேறொன்றின் வயிற்றடிப் பையிலிருந்து குஞ்சுகள் வந்தன. அவற்றுக்குப் பன்னிரண்டே கால்கள். கடைசி இணை பிறகுதான் முளைக்கும்.

அப்பாவின் கேள்வி

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் நாள்தோறும் கடலுக்குச் செல்பவர். பெட்டியைக் கண்ட அன்று அவர், “நாங்க தட்டிக் களையுத பூச்சிய நீ டப்பாவுல வச்சு வளக்கியா மக்கா? இதுக்கா காலேஜு?” என்று கேட்டார். என்னிடம் பதிலில்லை. அவர் பட்ட கடனை எண்ணித் தலை குனிந்தேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் கரைக்கு வந்தவர் என்னை அழைத்து உள்ளங்கையை விரித்தார். மீன் வாய்க்குள் ஒட்டியிருந்த வெளிறிய உயிர் ஒன்று. “இதுக்கும் பதினாலு காலு. உன் பூச்சிக்கு இது சொந்தமா?” என்றார். ஆம், அதுவும் ஐசோப்போடா வரிசையே. மீனின் உடலில் ஒட்டி வாழும் பிரிவு. என் பெட்டியை அவர் யாருமறியாமல் பார்த்துக் கால்களை எண்ணியிருக்கிறார்! அன்று நான் படித்ததை அவருக்குச் சொன்னேன். எந்த மீனில், எந்தப் பருவத்தில் இவை மிகுதி என்று அவர் எனக்குச் சொன்னார். அது என் பாடநூலில் இல்லாத பாடம். மறுநாள் கேட்காமலே கணவாய் ஓடு ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியருகே வைத்தார். அதைக் கொறித்துத் தின்றால் இவற்றின் மேலோட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து கிட்டும்.

நண்பர்களே! உங்கள் ஊர் வரப்பிலும் கிணற்றடியிலும் பெயரின்றி ஓடும் உயிர்கள் எத்தனையோ உண்டு. ஒருமுறை குனிந்து அவற்றின் கால்களை எண்ணுங்கள். எண்ணியதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்களிடமும் சொல்ல ஏதேனும் இருக்கும்.