காப்பியை நிறுத்த வேண்டுமா? ஒரு தாள் வடிகட்டி சொல்லும் விடை

இதய நோய்ப் பிரிவின் புறநோயாளிகள் பகுதியில், மருந்துகளைப் பற்றிய ஐயங்களுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. ஆலோசனை முடிந்து நோயாளி எழுந்து கதவருகே சென்ற பிறகு, உடன் வந்த மனைவியோ மகளோ திரும்பி நின்று கேட்பார்கள்: “டாக்டர், இவர் காப்பி குடிக்கலாமா?”

அக்கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘கூடாது’ என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு அடுத்த நோயாளியை அழைப்பது எளிது. நானும் பல ஆண்டுகள் அப்படியே செய்துவந்தேன். அப்பழக்கத்தை மாற்றியவர் ஒரு நோயாளி. அறுபது வயதைக் கடந்த அவருக்கு இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருந்தது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் அளவு 70க்குக் கீழே இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தோம். ஆனால் இரண்டு பரிசோதனைகளிலும் அது 100ஐ ஒட்டியே நின்றது. உடன் வந்த அவர் மனைவியின் கண்கள் கலங்கிவிட்டன. “எண்ணெயைக் குறைத்துவிட்டேன் டாக்டர். தேங்காயை நிறுத்திவிட்டேன். இன்னும் எதை நிறுத்துவது?” என்றார்.

அன்றுதான் அவர் காலை முதல் இரவு வரை உண்பதையும் பருகுவதையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். இரண்டு செய்திகள் வெளிவந்தன. முதலாவது, உடல் வலிக்கிறது என்று எண்ணிக் கொழுப்பு மாத்திரையை அவர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் உட்கொண்டு வந்தார். இரண்டாவது, பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் காப்பியே இதயத்திற்கு நல்லது என்று கருதி, மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த ‘பிரெஞ்சு பிரஸ்’ குடுவையில் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கோப்பை காப்பி தயாரித்துப் பருகி வந்தார். நல்லெண்ணத்துடன் மேற்கொண்ட மாற்றத்தின் வழியாகவே அவருக்குத் தெரியாமல் ஒரு சிக்கல் உள்ளே நுழைந்திருந்தது.

காப்பிக் கொட்டையில் உள்ள எண்ணெய்

வறுத்த காப்பிக் கொட்டையில் மணமும் காஃபினும் மட்டுமல்லாது எண்ணெயும் இருக்கிறது. அந்த எண்ணெயில் காஃபெஸ்டால், காவியோல் என்னும் இரு பொருட்கள் கரைந்துள்ளன. இவை கொலஸ்டிரால் அல்ல. ஆயினும், கல்லீரல் கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றும் பணியைக் காஃபெஸ்டால் மந்தப்படுத்துகிறது. இதனால் இரத்தத்தில் கொலஸ்டிரால் தங்குகிறது. உணவின் வழியாக நாம் அன்றாடம் உட்கொள்ளும் பொருட்களில் கொலஸ்டிராலை உயர்த்தும் ஆற்றல் மிக்கவற்றுள் காஃபெஸ்டாலும் ஒன்று. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் காஃபெஸ்டால் நான்கு வாரங்கள் தொடர்ந்து உடலில் சேர்ந்தால், மொத்தக் கொலஸ்டிரால் சராசரியாக 5 மில்லிகிராம் அளவுக்கு உயரும் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

இந்த உண்மை வெளிப்பட்ட விதம் சுவையானது. நார்வே நாட்டின் வடகோடியில் உள்ள துரோம்சோ நகரில் நடைபெற்ற இதய ஆய்வு 1983இல் வெளியானது. காப்பி அதிகம் பருகுவோருக்குக் கொலஸ்டிரால் அதிகமாக இருப்பதாக அது தெரிவித்தது. வேறு நாடுகளில் செய்யப்பட்ட பல ஆய்வுகளில் இத்தொடர்பு இவ்வளவு தெளிவாகத் தென்படவில்லை. ஒரே காப்பி ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்வது எப்படி? காப்பியைத் தயாரிக்கும் முறையில்தான் விடை இருந்தது. அன்றைய வட நார்வேயில் காப்பித்தூளை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, கசடு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை அப்படியே ஊற்றிக் குடித்தார்கள். வடிகட்டும் வழக்கம் குறைவு.

பின்னர் 1991இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தனர். உடல்நலமுள்ள 64 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் கொதிக்கவைத்த காப்பியை அப்படியே பருகினர். மற்றொரு குழுவினர் அதே காப்பியைத் தாளில் வடிகட்டிய பின் பருகினர். மூன்றாம் குழுவினர் காப்பியே பருகவில்லை. 79 நாட்களுக்குப் பின், வடிகட்டாத காப்பி பருகியோரின் கொலஸ்டிரால், வடிகட்டியதைப் பருகியோரைவிட ஏறத்தாழ 16 மில்லிகிராம் அதிகமாக இருந்தது. கொலஸ்டிராலை உயர்த்தும் அப்பொருள் தாளைத் தாண்டுவதில்லை என்பது தெளிவாயிற்று. தாளின் நெருக்கமான இழைகள் எண்ணெய்த் துளிகளையும் நுண்துகள்களையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

தாள் வடிகட்டி பிறந்த கதை

இத்தாளை உருவாக்கியவருக்குக் கொலஸ்டிராலைப் பற்றிய கவலை ஏதும் இல்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ், காப்பியின் அடியில் தங்கும் கசடும் கசப்பும் பிடிக்காமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் துளையிட்டு, தம் மகனின் பள்ளிக் குறிப்பேட்டிலிருந்த மையொற்றுத் தாளை அதன்மேல் விரித்துக் காப்பியை வடித்தார். 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்று, அவ்வாண்டே தம் பெயரில் நிறுவனமும் தொடங்கினார். சுவைக்காகச் செய்த அந்த மாற்றம் இதயத்திற்கும் நன்மை தருவதாக அமைந்ததைப் பிற்கால மருத்துவ ஆய்வுகளே கண்டறிந்தன.

நம் வீட்டு ஃபில்டரின் நிலை என்ன?

நம் எவர்சில்வர் அல்லது பித்தளை ஃபில்டர், கொதிக்கவைத்த காப்பிக்கும் தாள் வடிகட்டிக்கும் இடைப்பட்டது. தூள் அடுக்கே ஓரளவு எண்ணெயைத் தடுத்துவிடுகிறது. எனினும் உலோகத் தட்டின் துளைகள் தாளின் இழைகளைப் போல் நுண்ணியவை அல்ல. ஆகவே ஒரு பகுதி எண்ணெய் டிகாக்ஷனில் இறங்கவே செய்யும். நெருக்கமாக நெய்த துணியும் பெருமளவு எண்ணெயைத் தடுக்கும். நம் பாட்டிமார் துணியில் காப்பி வடித்த காலம் பலருக்கு நினைவிருக்கலாம். உடனடிக் காப்பித்தூளில் காஃபெஸ்டால் மிகக் குறைவு. சிக்கரியில் அறவே இல்லை.

எனவே நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு டம்ளர் ஃபில்டர் காப்பி பருகி, கொலஸ்டிராலும் கட்டுக்குள் இருப்பவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், எல்டிஎல் இலக்கை எட்டாதவர்கள், நாளொன்றுக்கு மூன்று டம்ளருக்கு மேல் பருகுபவர்கள், பிரெஞ்சு பிரஸ் பயன்படுத்துபவர்கள் ஆகியோருக்கே தாள் வடிகட்டியைப் பரிந்துரைக்கிறேன்.

வீட்டில் செய்யும் முறை

தாள் வடிகட்டிகள் கூம்பு வடிவில் கிடைக்கின்றன. அவற்றைத் தாங்கும் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கூம்பும் தனியே கிடைக்கும். தாள் வெள்ளையாக இருந்தாலும் பழுப்பாக இருந்தாலும் எண்ணெயைத் தடுப்பதில் வேறுபாடு இல்லை.

1. காப்பிக்கடையில் தூளை வழக்கத்தைவிடச் சற்றுக் கரகரப்பாக, மெல்லிய ரவைப் பதத்தில் அரைத்துத் தரச் சொல்லுங்கள். மிக மென்மையான தூள் தாளை அடைத்துவிடும்.

2. தாளின் ஒட்டிய ஓரத்தை மடித்துக் கூம்பில் பொருத்தி, வெந்நீரால் ஒருமுறை நனைத்து, அந்நீரைக் கொட்டிவிடுங்கள். தாளின் வாடை நீங்கும்.

3. இருவருக்குப் பால் கலந்த காப்பி வேண்டுமெனில் 20 கிராம் தூளும் 200 மில்லிலிட்டர் நீரும் போதும். தூளே ஏறக்குறைய 40 மில்லிலிட்டர் நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும்.

4. நீர் கொதித்து அடங்கியதும், தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி அரை நிமிடம் பொறுங்கள். பிறகு எஞ்சிய நீரை மெதுவாகச் சுற்றி ஊற்றுங்கள். மூன்று நான்கு நிமிடங்களில் வடிந்துவிடும்.

5. ஒருமுறை பயன்படுத்திய தாளை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். சக்கையோடு சேர்த்துச் செடிக்கு உரமாக இடலாம்.

பழைய ஃபில்டரின் டிகாக்ஷனை விட மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. இறங்கிய டிகாக்ஷனை நனைத்த தாளின் வழியாக இன்னொரு முறை வடித்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்து ஆய்வில் செய்ததும் இதுவே.

பராமரிப்போருக்கு ஒரு குறிப்பு: கோப்பையின் மேல் நிற்கும் கூம்பு எளிதில் சாய்ந்துவிடும். கைநடுக்கம் உள்ளவர்களும் பார்வை குறைந்தவர்களும் வெந்நீரைத் தாமே ஊற்ற வேண்டாம். அடி அகலமான பாத்திரத்தின் மேல் கூம்பை வைத்து, நீங்களே ஊற்றிக் கொடுங்கள்.

தாள் தடுக்காதவை

தாள் காஃபினைத் தடுப்பதில்லை. காப்பி குடித்ததும் படபடப்பு ஏற்படுவோர், உறக்கமின்மையால் வருந்துவோர் ஆகியோர் அளவைக் குறைத்தே ஆகவேண்டும். கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் உட்கொள்ளாதிருப்பது நல்லது.

தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பி பருக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி தேவை. தாளில் வடித்தாலும் இவ்விதிகள் மாறா.

சர்க்கரையையும் தாள் தடுக்காது. மூன்று டம்ளர் காப்பியில் இரண்டிரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் நாளொன்றுக்கு 24 கிராம் ஆகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காஃபெஸ்டாலைவிட இதுவே பெரிய கேடு. ஆடை படிந்த கெட்டிப்பாலையும் தாள் மெலிதாக்காது.

எல்லாவற்றிற்கும் மேலாக, தாள் வடிகட்டி மருந்துக்கு மாற்று அன்று. ஸ்டாட்டின் மாத்திரை எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேலும் குறைக்க வல்லது. காப்பி வடிக்கும் முறையை மாற்றுவதால் கிடைப்பது அதைவிட மிகச் சிறிய பயன். ‘தாளில் வடிக்கிறேன், மாத்திரை வேண்டாம்’ என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது.

மீண்டும் அந்த நோயாளி

உடல் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல், அவருக்கு ஒத்துக்கொள்ளும் வேறொரு ஸ்டாட்டினுக்கு மாற்றினோம். பிரெஞ்சு பிரஸ் அலமாரிக்குச் சென்றது. தாளில் வடித்த காப்பி நாளொன்றுக்கு மூன்று கோப்பையாக நின்றது. மூன்று மாதங்களுக்குப் பின் எல்டிஎல் 66 ஆக இருந்தது. இதில் பெரும்பங்கு ஒழுங்காக உட்கொண்ட மாத்திரைக்கே உரியது. தாளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கூற இயலாது.

ஆனால் அன்று அவர் மனைவி கூறியதை நான் மறக்கவில்லை. “நான் சமைத்ததில்தான் குறை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன் டாக்டர்.” அந்த வீட்டில் தேங்காய்ச் சட்னி, அளவோடு, மீண்டும் இலைக்கு வந்திருக்கிறது.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, காப்பி குடிக்கலாமா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை டம்ளர், எதில் வடிக்கிறீர்கள், எவ்வளவு சர்க்கரை, எந்த மாத்திரையோடு என்பதையும் சொல்லுங்கள். விட்டுப்போன மாத்திரைகளையும் தயங்காமல் கூறுங்கள். கடிந்துகொள்வதற்காக நாங்கள் இவற்றைக் கேட்பதில்லை. உங்கள் காலைக் காப்பியை உங்களிடமிருந்து பறிக்காமலே உங்கள் இதயத்தைக் காக்க வழி இருக்கிறதா என்று உங்களோடு சேர்ந்து தேடுவதற்காகவே கேட்கிறோம்.