உள்ளம் கூறும் ஊக்கச் சொல்

1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில், 50 கிலோமீட்டர் வேக நடையில் நம் நாட்டின் ஜி. சரவணன் தங்கப் பதக்கம் வென்றார். நான்கு மணி நேரத்திற்கும் மேல் நீளும் அத்தகைய போட்டி, கால்களை மட்டுமன்றி உள்ளத்தையும் சோதிப்பதாகும்.

களைப்பு மிகும்போது, "இனி என்னால் இயலாது" என்று மனம் கூறும். அச்சொல்லை மாற்றினால் பயன் உண்டா? 2014ஆம் ஆண்டு வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்றில், 24 பேர் சோர்ந்து ஓயும்வரை நிலைமிதிவண்டியை மிதித்தனர். அவர்களுள் ஒரு பிரிவினர், தாமே தேர்ந்த ஊக்கச் சொற்களை இரண்டு வாரங்கள் தமக்குள் கூறிப் பழகினர். பின்னர் அவர்கள் முன்னைவிட 18 விழுக்காடு அதிக நேரம் மிதித்தனர். களைப்பும் குறைவாகவே தோன்றிற்று. மற்றப் பிரிவினரிடம் இம்முன்னேற்றம் காணப்படவில்லை.

காலையில் நிரை முடித்து, மாலையில் தோட்டத் திடலில் ஓடிப் பழகும் மலாக்கா இளைஞர்களே! உங்களுக்கேற்ற சொல்லை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். தொடக்கத்தில், "சீராக ஓடு". களைத்த வேளையில், "இன்னும் ஒரு சுற்று முடியும்". இவற்றைப் பயிற்சியின்போதே கூறிப் பழகுங்கள்.

ஆயினும், சொல் பயிற்சிக்கு ஈடாகாது. மார்பு வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்துதல் வேண்டும். இன்று முடித்த ஒரு சுற்றே நாளைய தன்னம்பிக்கைக்கு அடித்தளமாகும்.