குஷன் கடைக்கு வேண்டிய கருவிகள்

ஆட்டோ ரிக்‌ஷா இருக்கைகளுக்கும் சோபாக்களுக்கும் உறை தைக்கும் குஷன் கடை, சிறு முதலீட்டில் தொடங்கக்கூடிய சுயதொழிலாகும். இதில் இலாபமும் நட்டமும் பெரும்பாலும் வெட்டு மேசையிலேயே முடிவாகின்றன. ரெக்சினில் தவறாகத் தைத்துப் பிரித்தால் ஊசித் துளைகள் நிலைத்துவிடும்.

எனவே முதலில் தடித்த தாளில் மாதிரி வெட்டிக்கொள்ள வேண்டும். பழைய உறையைப் பிரித்து மாதிரியாகக் கொள்வதும் உண்டு. ஆனால் நாட்பட்ட உறை தளர்ந்து நீண்டிருக்குமாதலால், இருக்கையையும் அளந்து சரிபார்த்தல் நலம். தையலுக்கெனச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு, மையக்கோட்டையும் இணைப்புக் குறிகளையும் இடவேண்டும். எல்லா மாதிரிகளையும் ரெக்சின் மீது பரப்பிப் பார்த்த பின்னர் வெட்டினால் சேதம் குறையும்.

வீட்டுத் தையல் இயந்திரத்தில் கீழ்ப்பற்கள் மட்டுமே துணியை நகர்த்துகின்றன. ஆகவே தடித்த அடுக்குகளில் மேலடுக்கு பின்தங்கித் தையல் கோணுகிறது. ‘வாக்கிங் புட்’ இயந்திரத்தில் மேற்பாதமும் உடன் நடப்பதால் அடுக்குகள் ஒன்றாக நகர்கின்றன. வெயிலும் ஈரமும் படும் இருக்கைகளில் பருத்தி நூல் விரைவில் நைந்துவிடும். பாலியெஸ்டர் நூலே ஏற்றது.

2015-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தின் கீழ் இத்தகைய சிறுதொழில்களுக்கு ஈடின்றிக் கடன் பெறலாம். இயந்திரத்தை வாங்குமுன், தாம் தைக்கவிருக்கும் ரெக்சின் துண்டுகளை எடுத்துச் சென்று அதில் தைத்துப் பார்த்தல், கடன் சுமை வீணாகாமல் காக்கும்.